தலையாட்டக் கூடாது

நான் வேலை செய்யும் பல் வைத்திய நிலையம் பாதர்ஸ்ற் வீதியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருக்கிறது. வோபர்னில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து அங்கே போக ஒரு பஸ், ஒரு ரயில், பிறகு இன்னொரு பஸ். வைத்தியருக்குப் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பதும், கருவிகளைக் கழுவி நீராவிப் பெட்டியில் வைத்து எடுப்பதும் என் வேலை. வைத்தியர் ஒரு யூதப் பெண்மணி. என்னைவிட எட்டு வயது மூத்தவர், கட்டையாக வெட்டிய நரைமுடி, கைகள் மட்டும் இருபது வயதுக்காரியின் கைகள். அவரோடு வேலை செய்த முதல் ஆறு வருடங்களில் நான் அவரிடம் அதிகம் சொன்ன சொல் ‘ஓகே’. அதற்கு அடுத்தது ‘ஓகே டொக்ரர்’.

ஏழாவது வருடம் எல்லாம் தலைகீழாகிவிட்டது.

ஒரு திங்கட்கிழமை மதியம் பின்னறையில் உட்கார்ந்து புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வைத்தியர் நாலைந்து தாள்களோடு வந்து எதிரே உட்கார்ந்தார். அவருக்கு நெடுங்காலமாக ஒரு படிப்புத் தோழி இருந்தாராம். திங்களும் வியாழனும் இருவரும் சேர்ந்து தங்கள் சமயத்தின் பழைய நூல்களைப் படிப்பார்கள். தோழி மகளோடு இருக்க வான்கூவருக்குப் போய்விட்டார். தொலைபேசியில் முயன்று பார்த்தார்கள். மூன்று மணி நேர வித்தியாசத்தில் ஒருவர் சாப்பிடும்போது மற்றவர் கொட்டாவி விட்டாராம். தனியே படித்தால் என்ன என்று நான் மனதுக்குள் நினைத்தேன். அது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அந்த நூல்களை ஒருவர் தனியே படிப்பது ஒருவர் தனியே பட்மின்ரன் விளையாடுவதுபோல என்று விளக்கினார். ஒருவர் அடிக்க, மற்றவர் திருப்பி அடிக்க வேண்டும்.

“இருபது நிமிசம் என்னோட இருப்பீங்களோ?” என்று கேட்டார்.

அவர் பேசுவது ஆங்கிலம்தான். ஆனால் அந்த மதியங்கள் என் தலைக்குள் யாழ்ப்பாணத் தமிழாகவே பதிந்திருக்கின்றன. அப்படியே எழுதுகிறேன்.

எனக்கு வந்த முதல் பயம், மதம் மாற்றப் போகிறாரோ என்பது. நான் கத்தோலிக்கப் பெண், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள் என்று சொல்லி வைத்தேன். அவர் சிரித்தார். தங்கள் ஆட்கள் யாரையும் வலிந்து சேர்ப்பதில்லை, சேர வருகிறவர்களையே ஒருமுறைக்கு இருமுறை திருப்பி அனுப்பிப் பார்ப்பார்கள் என்றார். அவருக்கு வேண்டியது தன்னோடு முரண்படும் ஒரு ஆள். அந்தக் கட்டடத்தில் அதற்கு என்னைவிடப் பொருத்தமில்லாத ஒருவர் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. கணக்குப் பார்க்கும் பெண்ணாவது கட்டடச் சொந்தக்காரரோடு சண்டை போடுவாள்.

முதல் நாள் பாடம் ஒரு சால்வை. இரண்டு பேர் ஒரே சால்வையைப் பிடித்தபடி நீதிபதிகள் முன்னால் வருகிறார்கள். நான்தான் கண்டெடுத்தேன், முழுவதும் என்னுடையது என்கிறார் ஒருவர். மற்றவரும் அதையே சொல்கிறார். சாட்சி இல்லை. இருவரும் சத்தியம் செய்துவிட்டு ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது தீர்ப்பு. வைத்தியர் வாசித்து முடித்து என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

“தலையாட்டக் கூடாது,” என்றார்.

“நல்ல தீர்ப்புத்தானே டொக்ரர்.”

“நல்ல தீர்ப்பெண்டா நான் ஏன் உங்களைக் கேக்கிறன்? எங்கையாவது ஒரு ஓட்டை இருக்கும். தேடுங்கோ.”

நான் படித்த ஞானோபதேச வகுப்பில் கேள்விகள் இருந்தன, நிறையவே இருந்தன. ஆனால் கேள்வி அவர்களுடையது, பதில் எங்களுடையது, அந்தப் பதிலும் அச்சிலேயே இருந்தது. ஒன்பது வயதில் நான் மட்டும் ஒருமுறை சொந்தமாக ஒன்று கேட்டேன். ஏழாம் நாள் கடவுள் இளைப்பாறினார் என்றால் அன்றைக்கு உலகத்தை யார் பார்த்துக்கொண்டது என்று. வகுப்பு எடுத்த சிஸ்ரர் மிகவும் நல்லவர், அடிக்கவில்லை. நாங்கள் இருக்கும் வாங்குப் பலகையில் ஏறி நிற்க மட்டும் வைத்தார். அங்கே நின்றபடி, இனி இந்த வேலை வேண்டாம் என்று முடிவெடுத்துக்கொண்டேன். நாற்பது வருடம் அந்த முடிவைக் காப்பாற்றியும் வந்தேன்.

அன்றைக்கு அந்தப் பின்னறையில் வைத்தியர் கண் இமைக்காமல் காத்திருந்தார். வேறு வழியில்லாமல் வாயில் வந்ததைக் கேட்டேன்.

“ஆர் எவ்வளவு பிடிச்சுக்கொண்டு நிண்டவை?”

“எப்படி?”

“ஒராள் சால்வையை அள்ளிக் கைக்குள்ளை வச்சிருக்கிறார், மற்றாள் கரையிலை ரெண்டு நூலைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார் எண்டு வையுங்கோவன். அப்பவும் சரி பாதியோ?”

வைத்தியர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். ஏதோ பிழையாகக் கேட்டுவிட்டேன் என்று நானும் எழப் போனேன். அவர் தாள்களைப் புரட்டி, நாலாவது தாளில் ஒரு இடத்தில் விரலை வைத்து, என் முன்னால் திருப்பினார். அங்கே அதே கேள்வி இருந்தது. ஆயிரத்து ஐந்நூறு வருடங்களுக்கு முன்னால் யாரோ ஒருவருக்கும் அதே சந்தேகம் வந்திருக்கிறது. அவரவர் கைக்குள் இருப்பது அவரவருக்கு, நடுவில் எஞ்சியதைத்தான் பங்கிட வேண்டும் என்று பதிலும் இருந்தது.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. சின்ன வயதில் ஊஞ்சல் உச்சிக்குப் போகும்போது அடிவயிற்றில் ஒன்று எழும்புமே, அது எழும்பியது. நான் கேட்டது ஒரு புத்தகத்தில் இருக்கிறது. யாரும் என்னை வாங்கில் ஏற்றவில்லை. புட்டு ஆறிப்போய் இருந்தது. அப்படியே மூடி வைத்தேன்.

அதன் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. அந்தச் சால்வையை நாங்கள் ஒன்றரை மாதம் பிடித்துக்கொண்டிருந்தோம். சத்தியத்தின் வாசகம் மட்டும் மூன்று மதியம் எடுத்தது. முழுவதும் என்னுடையது என்று வாதாடுகிறவர், சத்தியம் செய்யும்போது ‘இதில் எனக்குப் பங்கு உண்டு, அது பாதிக்குக் குறையாது’ என்று சொல்ல வேண்டுமாம். ஏன் இப்படி மூக்கைச் சுற்றி வளைத்துத் தொட வேண்டும் என்று கேட்டேன். முழுவதும் என்று சத்தியம் செய்துவிட்டுப் பாதியை மட்டும் பெற்றுக்கொண்டு போனால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். பாதி என்று சத்தியம் செய்தால் தன் வழக்கைத் தானே கெடுத்ததாகும். ஆகவே பொய்யும் ஆகாமல், வழக்கும் கெடாமல் ஒரு வாசகம். இதைக் கண்டுபிடித்தவருக்குக் கட்டாயம் மாமியார் இருந்திருப்பார் என்று நான் சொல்ல, வைத்தியர் தேநீரைத் தாளிலேயே துப்பிவிட்டார்.

ஒரு வியாழன் நான் களைத்துப்போய் வந்து, அவர் சொன்ன ஒரு விளக்கத்துக்குச் சரி, நீங்கள் சொல்வதுதான் சரி என்றேன். அவர் தாளை மடித்து வைத்துவிட்டு ஒரு கதை சொன்னார். பழைய காலத்தில் ஒரு ஆசிரியர் தன் படிப்புத் துணையைச் சாவில் இழந்துவிட்டார். ஆறுதலாக இருக்கட்டும் என்று இன்னொரு கெட்டிக்காரரை அனுப்பினார்கள். அவர் எதைக் கேட்டாலும், நீங்கள் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது என்றார். ஆசிரியர் அழத் தொடங்கிவிட்டார். போனவன் ஒவ்வொரு சொல்லுக்கும் இருபத்துநாலு மறுப்பு வைத்திருந்தான், நான் இருபத்துநாலு பதில் தேடினேன், அப்படித்தான் எங்களுக்கு விளங்கியது, நான் சொல்வது சரி என்று எனக்குத் தெரியாதா என்றாராம்.

அந்த ஆசிரியரை நினைக்கப் பாவமாக இருந்தது. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. “ஒவ்வொரு தரமும் சரியா இருபத்துநாலோ? ஆர் எண்ணினது?” என்றேன். வைத்தியர் ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு இருவரும் சிரித்த சிரிப்பில் வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

வீட்டிலும் இந்தப் பழக்கம் வந்து சேர்ந்தது. என் மகளுக்குப் பதினாலு வயது. அதுவரை அவள் எங்காவது போகலாமா என்று கேட்டால் நான் நோ என்பேன், அவள் கதவை அடித்துச் சாத்துவாள், விஷயம் ஒரு நிமிடத்தில் முடியும். இப்போது நான் கேட்கத் தொடங்கினேன். சிநேகிதி வீட்டில் படுப்பது என்றால், படுப்பதுதான் முக்கியமா, சிநேகிதிதான் முக்கியமா? படுக்காமல் விடியும்வரை கதைத்தால் அதற்குப் பெயர் என்ன? யூனியன்வில்லில் இருக்கிற அந்த வீட்டில் பெற்றோர் மேல்மாடியில் இருந்தால் அது வீட்டில் இருப்பதாகக் கணக்கா? அரை மணி நேரம் போனபின் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சரிந்தாள். “அம்மா, பிளீஸ், சும்மா நோ எண்டு சொல்லுங்கோ,” என்றாள். அன்றைக்கு நான் ஓம் என்றுதான் சொன்னேன். அவளுடைய பதில்கள் அவ்வளவு நன்றாக இருந்தன.

பனிக்காலத்தில் எங்கள் பங்குக்கோயிலின் திருநாள் வந்தது. பூசை முடிந்து ஸ்காபரோவில் உள்ள கோயிலின் கீழ்மண்டபத்தில் சாப்பாடு. எல்லாம் முடிந்து பாத்திரங்கள் கழுவும் நேரத்தில் சமையலறைப் பக்கம் ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் இரண்டு அன்ரிமார் ஒரு பெரிய அலுமினியச் சட்டியை ஆளுக்கொரு கைப்பிடிக் காதில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவர் மன்னார், மற்றவர் தீவுப்பகுதி. இரண்டு பேருமே முழுச் சட்டியும் தன்னுடையது என்கிறார்கள். பங்குச் சுவாமியார் கையில் கேக் துண்டோடு நடுவில் நின்று, சமாதானம் சமாதானம் என்கிறார்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஒன்றரை மாதம் தாளில் படித்த வழக்கு, காதோடும் மூடியோடும் கண் முன்னால் நிற்கிறது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓடிப்போய், இரண்டு பேரும் எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று குனிந்து பார்த்தேன். சரிசமமாக ஒரு காது, ஒரு காது. இதில் எனக்குள்ள பங்கு பாதிக்குக் குறையாது என்று சத்தியம் செய்வீர்களா என்று இருவரிடமும் கேட்டேன். மன்னார் அன்ரி திகைத்துப்போனார். தீவு அன்ரி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “பிள்ளைக்குக் காய்ச்சலோ?” என்றார். அந்த ஒரு விஷயத்தில் இருவரும் உடன்பட்டார்கள்.

நான் விடவில்லை. இதில் என்ன சமைத்தீர்கள் என்று கேட்டேன். ஒருவர் கணவாய்க் கறி, மற்றவர் பாயாசம். மணந்து பார்க்கலாம் என்று தலையைச் சட்டிக்குள் விட்டேன். சவர்க்கார மணம்தான் வந்தது. யாரோ நல்ல பிள்ளை கழுவி வைத்துவிட்டாள். அடுத்தது, இரண்டு பேரும் ஒரே மாதிரிச் சட்டி கொண்டு வந்திருந்தால் மற்றச் சட்டி எங்கே என்று கேட்டேன். அதை யாரும் கேட்டிருக்கவில்லை. எல்லோரும் தேடினார்கள், இல்லை. கடைசியாக, வேறு ஒன்றும் தோன்றாமல், “அங்கிள்மார் எங்கை?” என்றேன்.

அங்கிள்மார் இரண்டு பேரும் வெளியே கார்களில் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு இருந்தார்கள். மன்னார் அங்கிளின் கார் டிக்கியில் ஒரு சட்டி இருந்தது. தீவு அங்கிளின் கார் டிக்கியில் இன்னொரு சட்டி இருந்தது. கெதியாக வீட்டுக்குப் போகும் ஆசையில் இருவரும் அரை மணி நேரத்துக்கு முன்னரே எல்லாவற்றையும் ஏற்றிவிட்டிருந்தார்கள். அன்ரிமார் பிடித்திருந்த சட்டியின் அடியில் மண்டபத்தின் பெயர் கறுப்பு மையில் எழுதியிருந்தது. என்னையும் சேர்த்து ஒருவரும் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

முதலில் சிரித்தது சுவாமியார். பிறகு தீவு அன்ரி கதவில் சாய்ந்துகொண்டு சிரித்தார். மன்னார் அன்ரி சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டார். அவரைத் தூக்கிவிட மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

மறுநாள் வேலையில் இந்தக் கதையைப் பொறுமையாக மதியம்வரை வைத்திருக்க எனக்கு முடியவில்லை. ஒருவருக்குப் பல் அடைத்துக்கொண்டிருக்கும்போதே சொல்லத் தொடங்கிவிட்டேன். டிக்கி வந்த இடத்தில் வைத்தியர் கருவியைக் கீழே வைத்துவிட்டு, முகக்கவசத்தைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். கதிரையில் படுத்திருந்தவருக்குப் பாதி வாய் விறைத்திருந்தது. அவர் மற்றப் பாதியால், அந்த மண்டபத்துச் சட்டியைக் கடைசியில் யார் கழுவியது என்று கேட்டார். நல்ல கேள்வி, எனக்கு இன்றுவரை தெரியாது.

ஏப்ரலில் வைத்தியர் எங்களைத் தன் வீட்டுக்கு அழைத்தார். எகிப்திலிருந்து விடுதலையானதை நினைத்து அவர்கள் கொண்டாடும் பாஸ்கா விருந்து. மேசையில் வயதில் குறைந்தவர் நாலு கேள்வி கேட்பது வழக்கம், பதிலாகத்தான் அந்தக் கதை முழுவதும் சொல்லப்படும். அவருடைய பிள்ளைகள் வேறு நகரங்களில். ஆகவே அந்த ஆண்டு என் மகளே கேட்கட்டும் என்றார். மகள் ஒரு கிழமையாகக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தாள். என் கணவர் பிறம்ரனில் ஒரு வேர்ஹவுஸில் போர்க்லிப்ற் ஓட்டுகிறவர். அதிகம் பேசாதவர். அன்றைக்கு அவர் வேலை முடிந்து நேரே வந்தார். விருந்து என்று சொன்னதால் மதியமும் சாப்பிடாமல் வந்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

மேசையில் வைத்தியர், அவருடைய அண்ணன், அண்ணனின் மனைவி, நாங்கள் மூன்று பேர். வெளியே அப்போதுதான் இருட்டத் தொடங்கியிருந்தது. ஆளுக்கு ஒரு மிடறு வைன் குடித்தோம். ஒரு கீரைத் தண்டை உப்புத் தண்ணீரில் தொட்டுச் சாப்பிட்டோம். புளியாத அப்பத்தை அண்ணன் எடுத்து, இரண்டாக உடைத்து, ஒரு பாதியைத் துணியில் சுற்றி ஒளித்து வைத்தார். பெரிய வியாழன் வாசகங்களில் கேட்ட அப்பம் அதுதான் என்று எனக்கு மெய் சிலிர்த்தது. என் கணவர் மீதிப் பாதியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது வைத்தியர் எழுந்து, முட்டையும் கீரையும் எலும்பும் வைத்திருந்த பெரிய தட்டை அப்படியே தூக்கி மேசையின் அந்தப் பக்கத்துக்குக் கொண்டுபோனார்.

“இஞ்சேரும்,” என்றார் என் கணவர் என் பக்கம் சாய்ந்து. அவருக்கு மெதுவாகப் பேச வராது. “நாங்கள் இன்னும் சாப்பிடவேயில்லை. ஏன் எடுத்துக்கொண்டு போறா?”

அவர் என்ன சொன்னார் என்று அண்ணன் கேட்டார். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம்போல இருந்தது. ஆனாலும் சொல்லைக் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன்.

அண்ணன் கையால் மேசையில் ஓங்கி அடித்தார். கோபம் என்று நினைத்தேன். பார்த்தால் மனிதர் கண்ணில் நீர் வரச் சிரிக்கிறார். வைத்தியர் தட்டைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே ஆடினார். பிறகுதான் விளக்கம் வந்தது. பார்க்கிற பிள்ளைக்கு அதிசயமாக இருந்து, பிள்ளை தானாகவே ஏன் என்று கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் சாப்பிட முன்னரே தட்டை அகற்றுவார்களாம். முன்னொரு காலத்தில் ஒரு சின்னப் பையன் ஆசிரியர் வீட்டில், இன்னும் சாப்பிடவில்லையே, ஏன் எடுக்கிறார்கள் என்று இதே கேள்வியைத்தான் கேட்டான். இனி நாங்கள் வழக்கமான கேள்விகளைச் சொல்லத் தேவையில்லை, நீ கேட்டுவிட்டாய் என்று அந்த ஆசிரியர் சந்தோஷப்பட்டாராம். இத்தனை வருடமாக இந்தத் தட்டை எடுக்கிறோம், எங்கள் பிள்ளைகளுக்கு முதலே எல்லாம் தெரியும், உண்மையாக ஒருவர் கேட்டதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார் அண்ணன். என் கணவரை அதே வசனத்தை மூன்று முறை தமிழில் சொல்ல வைத்தார். மூன்றாம் முறை கணவர் அதை ஒரு நாடக வசனம்போலக் கையை விரித்துச் சொன்னார். பதினெட்டு வருடக் கல்யாணத்தில் அப்படி ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை.

“அப்ப என்ரை கேள்வி?” என்றாள் மகள். “ஐ பிராக்ரிஸ்ட் ஃபோர் எ வீக்.”

அவளுக்காக நாலு கேள்வியும் முறைப்படி நடந்தது. அவள் எழுந்து நின்று கேட்டாள். ஐந்தாவதாகச் சொந்தமாக ஒன்றும் கேட்டாள், எகிப்தில் வேலை பார்த்த மற்ற ஏழைகளுக்கு என்ன நடந்தது என்று. அதற்குப் பதில் தேடி மூன்று பெரியவர்கள் சண்டை பிடித்ததில் சூப் ஆறிப்போனது.

பிறகு குசினியில் இருவரும் தட்டுகளைத் துடைக்கும்போது, என்னை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று வைத்தியரைக் கேட்டேன். தோழி போனபின் முந்தின ஆண்டு அந்த விருந்துக்கு அவர் தனியே இருந்தாராம். அண்ணனுக்குச் சுகமில்லை. தனியே இருப்பவரும் தன்னைத் தானே கேட்க வேண்டும் என்பது விதி. இதே குசினியில் உட்கார்ந்து கேள்வியைச் சத்தமாகக் கேட்டு, பதிலையும் தானே சொன்னாராம்.

“நீங்கள் வேலைக்கு வந்த முதல் நாள் ஒரு கேள்வி கேட்டனீங்கள்,” என்றார். “நீராவிப் பெட்டியை ஏன் காலமை வெறுமனே ஒருக்கா ஓட விடுறியள் எண்டு. அதுக்குப் பிறகு ஆறு வருசம் ஒண்டும் கேக்கேல்லை. மிச்சக் கேள்வியெல்லாம் எங்கை போச்சுது எண்டு எனக்கு யோசினை.”

நான் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அது எப்போதோ காய்ந்திருந்தது.

போன கிழமை நாங்கள் வாசித்தது ஒரு புறாக்குஞ்சைப் பற்றி. பறக்கத் தெரியாத குஞ்சு கூட்டிலிருந்து ஐம்பது முழத்துக்குள் கிடந்தால் அது கூட்டின் சொந்தக்காரருக்கு, அதற்கு வெளியே கிடந்தால் கண்டெடுத்தவருக்கு. நல்ல தெளிவான சட்டம். அப்போது ஒருவர் எழுந்து, ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயும் இருந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்காக அவரைப் படிப்பறையை விட்டே வெளியேற்றிவிட்டார்களாம். கேள்வி கேட்பதையே தொழிலாக வைத்திருந்தவர்களுக்கே தாங்க முடியவில்லை என்றால் அந்த மனிதர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும். நான் மேசையில் தலையை வைத்துச் சிரித்தேன். பிறகு அவரைத் திருப்பி எடுத்துவிட்டார்கள் என்று வைத்தியர் சொன்னபோதுதான் எனக்கு நிம்மதியாக இருந்தது.

நிம்மதியான கையோடு எனக்கு ஒன்று தோன்றியது. அந்தக் குஞ்சு எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது, கூட்டையா, வெளியையா? வைத்தியர் பேனையைக் கீழே போட்டார். ஒன்றரை மணிக்கு வரவேண்டியவர் வந்து காத்திருந்தார். வரவேற்பு மேசைப் பெண் கதவைத் திறந்து, பல் பிடுங்க வந்தவர் உள்ளே கேட்கிற சத்தத்தைக் கேட்டுப் பயப்படுகிறார், தயவுசெய்து வாருங்கள் என்றாள். நாங்கள் இருவரும் கையுறையைப் போட்டுக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், வரிசையாக வெளியே போனோம்.